ஈஸ்ட்ரோஜனுடன் வரும் இரண்டாவது மருந்து: உங்களுக்கு எது ஒத்துவரும்?

நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மகளிர் நல மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை எழுதித் தந்தால், சீட்டில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று ஈஸ்ட்ரோஜன். இது மாத்திரையாகவோ தோலில் தடவும் ஜெல்லாகவோ வரும். இன்னொன்று புரோஜெஸ்டோஜன் என்ற வகையைச் சேர்ந்த ஏதாவது ஒரு மருந்து.

முதல் மருந்தின் பலன் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும். திடீர் திடீரென்று உடம்பு சூடாகி வேர்த்துக் கொட்டுவது குறையும், ராத்திரி நைட்டி நனைந்து எழுந்து உட்காரும் தொல்லை அடங்கும். இரண்டாவது மருந்து அப்படி எதையும் காட்டாது. சொல்லப்போனால் தலைச் சுற்றல், வயிறு உப்புசம், மார்பு கனத்து வலிப்பது, காரணமில்லாத எரிச்சல் என்று ஏதாவது வந்தால் அது பெரும்பாலும் இந்த இரண்டாவது மருந்தால்தான் வரும். "நல்லது செய்யறது அது, தொல்லை குடுக்கறது இது, அப்போ இதை மட்டும் நிறுத்திட்டா என்ன?" என்று தோன்றுவது இயற்கை. கர்ப்பப்பை உள்ள எந்தப் பெண்ணும் அப்படி நிறுத்தக் கூடாது. ஆனால் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்ற எத்தனை வழிகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய அந்தச் சில வருடங்கள்

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் வந்துவிட்டது என்று சொல்வார்கள். இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாடுகளில் 51. அதற்கு முன்னால் உள்ள சில வருடங்கள்தான் பெரிமெனோபாஸ். மாதவிடாய் ஒரு மாதம் 20 நாளில் வரும், அடுத்தது 50 நாள் கழித்து வரும், வந்தால் பத்து நாள் நிற்காது.

இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாகக் குறைந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஏறியும் இறங்கியும் ஆடுகிறது. சில வாரங்களில் இளம் வயதில் இருந்ததைவிடக்கூட அதிகமாக இருக்கும். முதலில் குறைவது புரோஜெஸ்டிரோன்தான். ஒவ்வொரு மாதமும் சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறிய பிறகுதான் உடம்பில் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். முட்டை வெளியேறாத மாதங்கள் கூடக்கூட, அந்த ஹார்மோன் சுரக்காத மாதங்களும் கூடுகின்றன.

கர்ப்பப்பையின் உட்சவ்வை ஈஸ்ட்ரோஜன் வளர்க்கிறது. "போதும், வளர்ந்தது போதும்" என்று அதை அடக்கிப் பக்குவப்படுத்தி, மாதக் கடைசியில் சீராக உதிரவைப்பது புரோஜெஸ்டிரோன். அடக்குகிற ஆள் இல்லாத மாதங்களில் சவ்வு தடித்துக்கொண்டே போய், பிறகு கட்டி கட்டியாகக் கொட்டுகிறது. நாற்பத்தைந்து வயதில் "இவ்வளவு போகுதே, என்னமோ ஆயிடுச்சு" என்று பயந்து ஓடும் பலருக்கு நடப்பது இதுதான். (எல்லோருக்கும் இல்லை, அதைப் பின்னால் பார்ப்போம்.)

ஏன் நிறுத்தக் கூடாது

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் மெனோபாஸ் வந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். 1975-இல் வெளியான ஆய்வுகள், அப்படி எடுத்துக்கொண்டவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் வருவதைக் காட்டின. பிறகு 1990-களில் பெப்பி என்ற ஆய்வில், பெண்களை மூன்று வருடம் கவனித்து எண்ணிப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு சுமார் 62 பேருக்குச் சவ்வு அளவுக்கு மீறித் தடித்திருந்தது. அதில் பாதிக்கு மேல், புற்றுநோயாக மாறக்கூடிய வாய்ப்பு கூடுதலான ரகங்கள். புரோஜெஸ்டோஜன் சேர்த்து எடுத்தவர்களிடம், மருந்தே எடுக்காதவர்களிடம் இருந்ததைப் போலத்தான் நிலைமை இருந்தது.

இந்த இரண்டாவது மருந்தின் முதல் வேலை இதுதான். ஈஸ்ட்ரோஜனை ஜெல்லாகத் தோலில் தடவினாலும் ரத்தத்தில் கலந்து கர்ப்பப்பைக்குப் போகத்தான் செய்யும். அதனால் "நான் மாத்திரை சாப்பிடலை, ஜெல்தானே" என்ற கணக்கு செல்லாது.

கர்ப்பப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் புரோஜெஸ்டோஜன் தேவையில்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களும், கர்ப்பப்பையின் வாய்ப் பகுதியை மட்டும் விட்டுவைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதற்கு விதிவிலக்காக இருக்கலாம். நம் ஊரில் "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்பதற்கு மேல் ஆபரேஷன் விவரம் பல பெண்களுக்குத் தெரியாது. சினைப்பையும் எடுத்தார்களா, கர்ப்பப்பை வாய் இருக்கிறதா என்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுத்து போனில் ஒரு போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வகை, எது யாருக்கு

புரோஜெஸ்டிரோன் என்பது நம் உடம்பு சுரக்கும் ஹார்மோன். புரோஜெஸ்டோஜன் என்பது அதையும், அதைப் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்துகளையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். வேலை ஒன்றுதான் என்றாலும் குணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மருந்து அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படித்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும்.

மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்று இருந்தால், அது உடம்பில் சுரக்கும் அதே ஹார்மோன். வாய் வழியாகச் சாப்பிட்டால் சரியாக உடம்பில் சேராது என்பதால், மிக நுண்ணிய தூளாக அரைத்து எண்ணெயில் கலந்து மென்மையான கேப்சூலாகத் தருகிறார்கள். "இது என் பொண்ணு மாசமா இருந்தப்போ குடுத்த மாத்திரை ஆச்சே, எனக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே மருந்துதான், அதில் தவறு ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் அது செய்யும் வேலை வேறு, இங்கே செய்யும் வேலை வேறு.

இதன் முக்கியமான குணம் தூக்கம். வயிற்றுக்குள் போய் கல்லீரலில் மாறும்போது, மூளையை அமைதிப்படுத்தும் ஒரு பொருள் உண்டாகிறது. அதனால்தான் இதைப் படுக்கப் போகும்போது எடுக்கச் சொல்கிறார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டிப் போனால் தலை கிறுகிறுக்கும். பெரிமெனோபாஸில் தூக்கம் வராமல் தவிப்பவருக்கு இந்தப் பக்கவிளைவே ஒரு லாபம். ஆனால் ஒரு சிலருக்கு நேர்மாறாக மனம் சோர்ந்து போகும், எரிச்சல் கூடும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இளம் வயதிலிருந்தே மனம் பாடாய்ப் படுத்துகிறவர் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து ரத்தத்தில் சேரும் அளவு கூடும், மயக்கமும் கூடும். ஆகவே சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கையில் எடுப்பது பலருக்குச் சரியாக இருக்கிறது. மயக்கம் தாங்கவில்லை என்றால் அதே கேப்சூலைப் பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அதை அவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். சில கம்பெனிகளின் கேப்சூலில் வேர்க்கடலை எண்ணெய் இருக்கும். கடலை அலர்ஜி உள்ளவர்கள் கடையிலேயே கேட்டுவிட வேண்டும்.

இதன் குறை ஒன்று உண்டு. உட்சவ்வை அடக்குவதில் செயற்கை மருந்துகள் கொஞ்சம் வலுவானவை, இது சற்று மென்மையானது. ஆகவே அளவும் நாள்களும் குறையக் கூடாது. மாதத்தில் 12 முதல் 14 நாள் என்றால் வழக்கமாக இரவுக்கு 200 மி.கி., தினமும் என்றால் 100 மி.கி. ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டினால் இதையும் கூட்ட வேண்டியிருக்கலாம். விலை கட்டுப்படியாகவில்லை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, 14 நாளுக்குப் பதில் 7 நாளோடு நிறுத்துவது எல்லாம் ஆபத்தில் முடியும்.

அடுத்தது டைட்ரோஜெஸ்டிரோன், 10 மி.கி. மாத்திரை. இதையும் கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி எழுதுகிறார்கள், அதனால் பெயர் பலருக்குப் பழக்கம். உடம்பின் ஹார்மோனுக்கு மிக நெருங்கிய உருவம் கொண்டது, ஆனால் தூக்கம் வரவைக்காது. இரவு வேலைக்குப் போகிறவர், ராத்திரியில் எழுந்து வயதான மாமியாரையோ அம்மாவையோ கவனிக்க வேண்டியவர் போன்றவர்களுக்கு முதல் மருந்தின் மயக்கம் ஒத்துவராவிட்டால் இது நல்ல மாற்று.

மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் செயற்கையானது. உட்சவ்வை நன்றாக அடக்கும், எளிதாகக் கிடைக்கும், நெடுங்காலப் பழக்கம் உள்ள மருந்து. மார்பகப் புற்றுநோய் பற்றிய பயம் உலகெங்கும் பரவியது இதை வைத்து நடந்த ஆய்வில்தான். அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

நாரெதிஸ்டிரோன்! இதைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்லியாக வேண்டும். கோயில் திருவிழா, கல்யாணம், சபரிமலைக்கு வீட்டில் மாலை போட்டிருப்பது என்று ஏதாவது வந்தால், "தள்ளிப்போடுற மாத்திரை" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிறார்களே, அந்த 5 மி.கி. மாத்திரைதான் இது. அதிக ரத்தப்போக்கை நிறுத்தவும் மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள், வேகமாக நிறுத்தும். ஆனால் இது உடம்புக்குள் போனதும் ஒரு சிறு பகுதி, கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று போடும்போது அது ஒரு கருத்தடை மாத்திரையில் உள்ள அளவை நெருங்கிவிடும். அந்த அளவில் ரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து கூடும். காலில் ரத்தக்கட்டி வந்தவர், புகை பிடிப்பவர், உடல் பருமன் அதிகம் உள்ளவர், ஒற்றைத் தலைவலியுடன் கண்ணில் மின்னல் போலத் தெரிபவர் இதைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது. நாற்பது வயதைத் தாண்டியவர் எவரும் மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்பது காரணமாகாது.

இந்த மாத்திரைக்கு ஒரு சுவாரசியமான பிறப்பு உண்டு. மெக்சிகோவில் விளையும் ஒரு காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளை வைத்து 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் புரோஜெஸ்டிரோன் தயாரித்தார். 1951-இல் கார்ல் ஜெராசியின் குழு மெக்சிகோ சிட்டியில் நாரெதிஸ்டிரோனை உருவாக்கியது. அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் இன்று ஆன்லைனில் "வைல்ட் யாம் க்ரீம், இயற்கை புரோஜெஸ்டிரோன்" என்று விற்கிறார்கள். கிழங்கிலிருந்து ஹார்மோன் செய்வது பரிசோதனைக் கூடத்தில்தான் நடக்கும். நம் உடம்பால் அதைச் செய்ய முடியாது. எந்த புரோஜெஸ்டிரோன் க்ரீமையும் நம்பி ஈஸ்ட்ரோஜன் எடுக்காதீர்கள். தோல் வழியாகப் போகும் அளவு கர்ப்பப்பையைக் காக்கப் போதாது.

மாத்திரையே வேண்டாம் என்றால்

இந்தியாவில் போதிய அளவு பேசப்படாத வழி ஒன்று உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. கொண்ட ஹார்மோன் லூப். காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைப்பது. மருந்து அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உட்சவ்வை மெலியவைக்கும். ரத்தத்தில் கலப்பது மிகச் சிறிய அளவு என்பதால், மாத்திரையால் வரும் தொல்லைகள் பலருக்குக் குறைவு.

பெரிமெனோபாஸில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்யும். ஈஸ்ட்ரோஜன் எடுக்கும்போது கர்ப்பப்பையைக் காக்கும். அளவுக்கு மீறிய ரத்தப்போக்கைப் பெரிதும் குறைக்கும். கருத்தடையாகவும் இருக்கும். அதிக ரத்தப்போக்கு உள்ள 571 பெண்களை வைத்து பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. வழக்கமான மாத்திரைகளைவிட இந்த லூப் வைத்தவர்களின் அன்றாட வாழ்க்கை அதிகம் மேம்பட்டிருந்தது. நாற்பது வயதில் ரத்தப்போக்கு என்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவெடுப்பதற்கு முன்னால், "ஹார்மோன் லூப் எனக்குச் சரிப்படுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டியின் அளவு, இடம், புற்றுநோய்ச் சந்தேகம் போன்ற காரணங்களால் ஆபரேஷன்தான் வழி என்று அவர் சொன்னால் அது வேறு.

குறைகளும் உண்டு. வைக்கும்போது வலிக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டுக்கொண்டே இருக்கலாம். பூஜை, விரதம் என்று நாள் பார்க்கும் வீடுகளில் இது பெரிய சங்கடம், முன்பே தெரிந்துகொள்வது நல்லது. விலையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டியிருக்கும். கருத்தடைக்காக இதை எட்டு வருடம் வரை வைத்திருக்கலாம் என்று படித்திருப்பீர்கள். ஈஸ்ட்ரோஜனுடன் பாதுகாப்புக்காக வைத்தால் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். வைத்த தேதியை போன் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் இலவசமாக வைக்கும் காப்பர்-டி இதற்குப் பதிலாகாது. அதில் ஹார்மோன் கிடையாது. காப்பர்-டி இருக்கிற பெண் ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் புரோஜெஸ்டோஜனும் எடுத்தாக வேண்டும். "எனக்கு ஏற்கெனவே லூப் இருக்கு" என்று மட்டும் சொன்னால் குழப்பம் வரும். எந்த லூப், எந்த வருடம் என்று சொல்லுங்கள்.

மாதத்தில் பாதி நாளா, தினமுமா?

பெரிமெனோபாஸில் உடம்பின் சொந்த ஹார்மோன்கள் இன்னும் அவ்வப்போது வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் ஈஸ்ட்ரோஜனைத் தினமும், புரோஜெஸ்டோஜனை மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் எடுக்கும் முறையைத்தான் முதலில் தருவார்கள். அந்த நாள்கள் முடியும் தறுவாயில் மாதவிடாய் போல ரத்தம் போகும். அது எதிர்பார்த்த ஒன்றுதான். இந்தக் கட்டத்தில் தினமும் கொடுத்தால், எப்போது வரும் என்று தெரியாமல் இடையிடையே ரத்தம் பட்டுக்கொண்டிருக்கும். மெனோபாஸ் வந்து ஒரு வருடம் கடந்த பிறகு தினசரி முறைக்கு மாற்றுவார்கள், அப்போது மாதாமாத ரத்தப்போக்கு நின்றுவிடும்.

"மாதவிடாய் எப்ப வருதுன்னே தெரியலை, எந்த நாள்ல ஆரம்பிக்கறது?" என்று குழம்புபவர்களுக்குச் சில மருத்துவர்கள் ஒவ்வொரு ஆங்கில மாதமும் 1-ஆம் தேதி முதல் 14-ஆம் தேதி வரை என்று சொல்லிவிடுவார்கள். போனில் அலாரம் வைக்க அது வசதி.

இன்னொன்று. ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. மேலே சொன்ன ஹார்மோன் லூப் மட்டும்தான் இரண்டுக்கும் உதவும். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் தான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால் வீட்டில் யாரிடம் சொல்வது? 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள் அதன் பிறகு இரண்டு வருடமும், 50-க்குப் பின் நின்றவர்கள் ஒரு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மார்பகப் புற்றுநோய் வருமா?

எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. 2002 ஜூலையில் அமெரிக்காவில் டபிள்யூ.எச்.ஐ. என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவி, பெண்கள் ஹார்மோன் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அந்த ஆய்வில் கிடைத்த கணக்கு இது: மருந்து எடுக்காத 10,000 பேரில் வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. பத்தாயிரத்தில் எட்டுப் பேர் கூடுதல். அது சின்ன எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அவர்கள் எடுத்தது குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனும். அதே ஆய்வில் கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பகுதியில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஆக, புரோஜெஸ்டோஜன் எது என்பது முக்கியம் என்ற சந்தேகம் பிறந்தது.

பிரான்சில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஈ3என் ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனும் டைட்ரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, மருந்தே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. மற்ற செயற்கை வகைகள் எடுத்தவர்களுக்கு சுமார் 1.7 மடங்கு. இன்று பல மருத்துவர்கள் முதல் இரண்டில் ஒன்றையே முதலில் எழுதுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அது பெண்கள் தாங்களாக எடுத்த மருந்தைக் கவனித்துச் சொன்ன ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது இல்லை. "இயற்கை ஹார்மோன், ஒண்ணும் பண்ணாது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். எந்த வகையானாலும் வருடங்கள் கூடக்கூட ஆபத்தும் மெல்லக் கூடும் என்று வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை "இன்னும் தொடரணுமா?" என்று மருத்துவரோடு பேசுவதுதான் சரி.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள் ஹார்மோன் சிகிச்சையைத் தாங்களாக யோசிக்கவே கூடாது. ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகாது. ஜெல் பொருந்துமா என்பதை நிபுணர்தான் முடிவு செய்வார்.

ஹார்மோன் ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டிய ரத்தப்போக்கு

45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் தாறுமாறாகப் போனால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காரணம் தெரியாத ரத்தப்போக்கின் மேல் ஹார்மோனைப் போட்டு மூடக் கூடாது. முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் உட்சவ்விலிருந்து சிறிது எடுத்துப் பரிசோதனை. உறவுக்குப் பிறகு ரத்தம் படுதல், ஒரு வருடம் நின்று பிறகு மறுபடி வருதல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைதல், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மாதக்கணக்கில் கொட்டியிருந்தால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதும் படபடப்பும் மெனோபாஸ் என்று நினைத்துக்கொண்டிருப்போம், ரத்தசோகையாக இருக்கும்.

போனில் செய்யக்கூடியவை

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் 104-க்கு அழைக்கலாம். நம் மாநிலத்தின் மருத்துவ ஆலோசனை எண், எந்த நேரமும் இலவசம். இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம். அறிகுறிகளைச் சொல்ல, எந்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்க, ரிப்போர்ட்டைக் காட்ட அது போதும். ஆனால் ஹார்மோன் சிகிச்சையை முதன்முதலாக ஆரம்பிப்பதற்கு நேரில் போய் ரத்த அழுத்தம், மார்பகம், கர்ப்பப்பை எல்லாம் பார்த்துக்கொள்வது அவசியம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர் பார்த்த பிரஷர், சர்க்கரை அளவுகளும் மருத்துவருக்கு உதவும், அந்த அட்டையைக் கொண்டுபோங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் அங்கும் இங்கும் கிடந்தால், 14 இலக்க ஆபா எண் எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம்.

மருந்தின் விலையைப் பொறுத்தவரை, ஒரே மூலப்பெயருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கிறது. மத்திய அரசின் ஃபார்மா சஹி தாம் செயலியில் பெயரைத் தட்டினால் விலைகளை ஒப்பிடலாம். பக்கத்தில் மக்கள் மருந்தகம் எங்கே என்பதை ஜன் அவ்ஷதி சுகம் செயலி காட்டும். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். இங்கெல்லாம் கேட்க வசதியாக, மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால்தான் மாற்று. "இதுவும் புரோஜெஸ்டிரோன் மாதிரிதான்மா" என்று கடைக்காரர் வேறு மூலப்பெயர் உள்ளதைக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது உங்களுக்கு அதிகமாகத் தொல்லை கொடுப்பது எது என்பதை முதலில் சொல்லுங்கள். தேர்வு அதைப் பொறுத்துத்தான் அமையும். கொட்டும் ரத்தம்தான் பிரச்சினை என்றால் பேச்சு ஹார்மோன் லூப்பில் தொடங்கும். தூக்கமின்மை என்றால் இரவு கேப்சூலில். பகலில் மந்தமாக இருந்தால் வேலை கெட்டுவிடும் என்றால் டைட்ரோஜெஸ்டிரோனில். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்திருந்தால், யாருக்கு, எந்த வயதில் என்று அம்மாவிடமும் சித்தி, பெரியம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

ஆரம்பித்த மருந்து ஒத்துவரவில்லை என்றால் ரத்தக்கட்டிக்கான அறிகுறி தவிர மற்றவற்றுக்கு உடனே நிறுத்தத் தேவையில்லை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் 108. மற்றபடி மூன்று மாதம் பார்க்கலாம். அதுவரை ரத்தம் பட்ட தேதி, தூங்கிய நேரம், மனநிலை மூன்றையும் போனில் தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள். மூன்றாவது மாதம் அந்தக் குறிப்பைக் காட்டும்போது, மருந்தின் அளவை மாற்றுவதா, வகையை மாற்றுவதா, வாய் வழியை விட்டு லூப்புக்குப் போவதா என்பதை மருத்துவர் ஊகிக்க வேண்டியிருக்காது. மாற்று மருந்து கைக்கு வரும்வரை ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகத் தொடர வேண்டாம். இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.